எண்பத்தைந்து டிகிரி ஐஸ்

உவரி ஐஸ் பிளாண்டின் உப்புத்தண்ணித் தொட்டியில்
சென்சாரை இறக்கினேன்.
திரையில் மைனஸ் நூற்றி இருபத்தேழு.

அந்தக் குளிருக்கு
வெளியே கடலே பாளம் பாளமாய் நின்றிருக்கும்.
டேட்டா ஒயரைத் தூக்கிப்பிடிக்க ஆளில்லை,
அதைத்தான் அப்படிச் சொல்கிறது.
மஞ்சள் ஊதா சிவப்பு,
நாலு புள்ளி ஏழு கிலோ ஓம்,
நெல்மணியளவு ஒரு ரெசிஸ்டரை
மூன்று வோல்ட்டுக்கும் டேட்டாவுக்கும் நடுவே
பற்றவைத்தேன்.

இப்போது எண்பத்தைந்து.

"ஐஸ் தொட்டியில சோறு வடிக்கலாம் போலயே"
என்றார் கொஸ்மாஸ்,
கேனைச் சங்கிலியில் மாட்டியபடி.

ஒயரில் தப்பில்லை. என் மூன்றாவது வரியில்.
அளந்து சொல் என்று கேட்டுவிட்டு
அளக்க விடாமல் பதிலைப் பிடுங்கியிருக்கிறேன்.
அதற்கு முக்கால் நொடி வேண்டும்.
விழித்ததும் அதன் வாயில் கிடக்கும் எண் எண்பத்தைந்து,
அதையே துப்பிவிட்டது.

டிலே எழுநூற்று ஐம்பது.

மைனஸ் எட்டு புள்ளி ஐந்து.

கொஸ்மாஸ் இரண்டு விரலை முக்கி எடுத்தார்.
"எட்டு. அந்த அரை எங்கெருந்து வந்துச்சு?"
டேட்டாஷீட்டும்
அரை டிகிரி முன்னே பின்னே என்றுதான் சொல்கிறது.
நான் வாயைத் திறக்கவில்லை.

விடியப்போகிறது. வாசலில் மீன்பெட்டிகளோடு டெம்போ.
உறுமிக்கொண்டு எழுந்தது கம்ப்ரசர்.
பல்பு ஒருமுறை இமைத்தது.
சென்சாரும்.

எண்பத்தைந்து.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.
மேசையிலிருந்த கெபாசிட்டர் டப்பாவை
ஈரக்கையால் என் பக்கம் தள்ளினார்.