முடியும் நேரம்

தீர்மானப் புத்தகத்தில் எண்பத்தைந்தாயிரம்.
அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேர்ந்தது:
பூவன் தார் ஒன்று நாலாயிரத்து நூறு,
நாட்டுச் சேவல் ஏழாயிரம்,
ஒரு மூட்டை மஞ்சளை எடுத்தவரே திருப்பித் தர
மறுபடி ஏலம் விட்டோம்.
எல்லாம் சபையின் இணையதளத்தை
இடித்துக் கட்ட.

நான் பொருளாளர்.
பகலில் சாயப்பட்டறைக் கணக்கு,
ராத்திரி கர்த்தருடைய கணக்கு.
இரண்டிலும் ரசீது இல்லாமல்
ஒரு ரூபாய் நகராது.

சென்னியப்பனுக்கு ராயபுரத்தில் மாடி அறை.
கீழே காஜா பட்டன் யூனிட்,
ஊசிச் சத்தம் தரை வழியே ஏறி
அவன் விசைப்பலகையில் சேர்ந்துகொள்ளும்.
முப்பது சதவீதம் முன்பணம்,
நாற்பது வடிவம் முடிந்ததும்,
மீதி "லைவ் போனப்பறம் குடுங்கக்கா, போதும்."
பேரிலேயே மலை முருகனை வைத்திருப்பவன்
எங்கள் ஆராதனை முறைமையை
எழுத்தெழுத்தாய்ப் படித்தான்.
"ஞானஸ்நானம் ரெண்டு எடத்துல
ரெண்டு விதமா இருக்குதுங்க. எது சரி?"

கடைசி அலசலுக்குத்தான்
தண்ணீர் அதிகம் குடிக்கும் சாயத்துணி.
கடைசி வாரமும் அப்படித்தான்.
பழைய கைப்பேசிகளில் தமிழ்
கட்டம் கட்டமாய் விழுந்தது: மூவாயிரம்.
தளத்தின் பெயர் காலாவதி: ஆயிரத்து இருநூறு.
கல்லறைத் தோட்டப் பதிவேடு
யார் மதிப்பீட்டிலும் இல்லை.
அறுநூற்றுப் பதினாறு பேர்.
விட்டுவிடலாமே என்றார் செயலர் இஸ்ரவேல்.
நவமணி டீச்சர் எழுந்தார்.
ஒன்றும் பேசவில்லை,
உட்காரவும் இல்லை.
சேர்த்தோம். ஆறாயிரம்.

எதை வெட்டுவது?
முகப்பில் நகரும் படங்கள்.
கமிட்டியார் பதினொரு பேர், ஆளுக்கு நாலு விநாடி.
வெட்டினேன்.
ஒரு வாரம் யாரும் எனக்கு
ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

பனியன் கம்பெனி ஜெபசிங் அண்ணன் கூப்பிட்டார்.
"இருபதாயிரம் தர்றேன்,
நம்ம லோகோ மேல ஓரமா ஓடிட்டுக் கெடக்கட்டும்."
பீடத்துத் துணியிலும் ஓடட்டுமா என்று கேட்க வந்து
கமிட்டியில் வைக்கிறேன் என்றேன்.
வைக்கவில்லை.

சனி இரவு பதினொன்று நாற்பது.
"ஏறிடுச்சுங்கக்கா."
வீட்டில் கரண்ட் இல்லை.
இருட்டில், உள்ளங்கையில்,
கோபுரம் மேலிருந்து கீழாகக் கட்டப்பட்டது.
கடைசித் தவணையை எடுத்து வைத்தபின்
கையிருப்பு எழுநூற்று நாற்பது.

விடியுமுன் தளத்தின் வழியே முதல் செய்தி:
'ஆரம்பிக்கும் நேரம் எட்டரை என்று பார்த்தேன்.
முடியும் நேரம் போடவில்லையே.
ஷிப்மெண்ட் வாரம், பதினொன்றுக்கு ஷிப்ட்.
பாதியில் எழுந்தால் எல்லாரும் பார்க்கிறார்கள்.
சுகிர்தா, செக்கிங் செக்ஷன்.'

ஒரே ஒரு வரி.
"இதுக்கெல்லாம் காசு வேண்டாங்க" என்றான் சென்னியப்பன்.
ரசீது இல்லாத தயவை
எந்தத் தலைப்பில் எழுதுவது?
ஐந்நூறு என்று நானே போட்டேன்.

செலவு அதுவல்ல.
ஆயர் அறையில் போய் நின்றேன்.
"ஐயா, எத்தனை மணின்னு போடறதுங்க?"
கண்ணாடியைக் கழற்றினார்.
மேசைமேல் பிரசங்கக் குறிப்பு, ஒன்பது பக்கம்.
இருபத்திரண்டு வருஷ ஊழியத்தில்
யாரும் அவரிடம்
விலை கேட்பதுபோல் இதைக் கேட்டதில்லை.
முதல் மணி அடித்தது.
ஒரு பக்கத்தை எடுத்து மடித்தார்.
சற்றுப் பொறுத்து இன்னொன்றை.
பத்து இருபது என்றார்.
பிறகு,
"பத்தரைன்னே போடும்மா. நானும் மனுசன்தானே."

கையிருப்பு இருநூற்று நாற்பது.
சுகிர்தா யாரென்று எனக்குத் தெரியாது.
பத்து இருபத்தெட்டுக்கு
ஆசீர்வாதத்துக்குக் கை உயர்ந்தபோது
கடைசி வரிசையில்
சாப்பாட்டுப் பையின் ஜிப்
மெதுவாக மூடும் சத்தம்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.