செவுள்

"கடல் பார்த்த வீடு" என்றான் கோச்சா.
பதூமியில் எந்த வீடுதான் கடலைப் பார்க்கவில்லை?
கடல்தான் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இங்கே லிஃப்டுக்கு உண்டியல் உண்டு.
ஏறுவதற்கு இருபது தெத்ரி.
கோட்டின் நாலு பைகளையும் தடவிவிட்டு
சில்லறை இல்லையே என்றான்,
ஒரே தெருவில் மூன்று கட்டடங்களை விற்கிறவன்.
நான் போட்டேன்.
மீன் விற்கிற கைக்குச் சில்லறைக்கு என்ன பஞ்சம்.

"படகுத்துறை எட்டே நிமிட நடை."
யார் நடந்தால் என்று கேட்டேன்.
சிரித்தான். என்ன அழகான பல்வரிசை.

கதவைத் திறந்ததும் வெனிலா மணம்.
ஜன்னலோரம் ஒரு மெழுகுவத்தி
பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.
எலுமிச்சையை எந்தக் கூடைமேல் பிழிவோம் என்று
எனக்குத் தெரியாதா?
மூக்கை அந்தப் பக்கமே கொண்டுபோனேன்.
பீரோவை ஒரு சாண் நகர்த்தினேன்.
பின்னால்,
இந்த ஊரின் மழை முழுவதும்
கறுப்புப் பூஞ்சையாக உட்கார்ந்திருந்தது.

"அது நிழல், கல்பத்தோனோ லமாரா."
தொட்டேன்.
நிழல் விரலில் ஒட்டியது.

பையிலிருந்து ஒரு வால்நட்டை எடுத்துத் தரையில் வைத்தேன்.
கொஞ்சம் யோசித்தது.
பிறகு சமையலறையைக் கடந்து, கூடத்தைக் கடந்து,
பால்கனிக் கதவில் போய் முட்டி நின்றது.
கடல் எந்தப் பக்கம் என்று
அந்த வீட்டில் அது ஒன்றுதான் ஒழுங்காகச் சொன்னது.

கடல் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.
இரண்டு கிரேன்களுக்கு நடுவே
கைக்குட்டை அகலத்துக்கு நீலம்.
எதிரே தகர வேலி போட்ட மனை.
"அங்கே பூங்கா வருகிறது" என்றான்.
பூங்காவுக்கு எதற்குப்பா
இத்தனை ஆழமாக அஸ்திவாரம்?

பதினொரு வருடம்
ஐஸில் கைவைத்துச் சேர்த்த லாரி
வயிற்றோடு கட்டியிருந்தது.
நான் இருக்கிற அறையையும் விற்கப்போகிறார்கள்,
அங்கேயும் இவனைப் போல ஒருவன்
"காற்றோட்டம்" என்று சொல்லிக்கொண்டிருப்பான்,
உடைந்த ஜன்னலைக் காட்டி.

"நேற்று ஒருவர் முன்பணத்தோடு வந்துவிட்டார்,
உங்களுக்காகத்தான் நிறுத்திவைத்திருக்கிறேன்."

அந்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும்.
என் கடைக்கும் தினம் வருவார்.
யாராவது நவரை மீனைக் கையில் எடுத்துத் தயங்கினால்
உடனே அவர் பக்கம் திரும்பிச் சொல்வேன்:
ஓட்டல்காரர் கூடையோடு கேட்டார், நான்தான் கொடுக்கவில்லை.
இத்தனை வருடத்தில்
அவர் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை.
நானும்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
இறங்கவும் இருபது தெத்ரி.
படியில் இறங்கினேன், பதினொரு மாடி,
அவன் காலடி ஓசை எனக்கு ஒரு மாடி மேலே
வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை கடைக்கு வந்தான்.
டை இல்லை. வலைப்பை ஒன்று.
முகச்சவரம் செய்யாததால் வயது கூடித் தெரிந்தது.
நவரையைக் காட்டி, இன்றைக்குப் பிடித்ததா என்றான்.
என் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது:
"விடிகாலை நாலு மணிக்கு..."

ஒன்றும் பேசாமல்
கட்டைவிரலால் செவுளைத் தூக்கினான்.
பழைய செங்கல்லின் நிறம்.
இருவரும் குனிந்து அதையே பார்த்தோம்,
ஏதோ ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல.

பலகைக்கு அடியில் எனக்கென்று வைத்திருந்த பொட்டலத்திலிருந்து
நாலு மீனை எடுத்து நிறுத்தேன்.
தராசுத் தட்டிலிருந்து கட்டைவிரலையும் எடுத்துவிட்டேன்.

"எதிர் மனையில் முப்பத்திரண்டு மாடி வருகிறது" என்றான்,
மீனைப் பார்த்துக்கொண்டே.
தெரியும் என்றேன்.
பிறகு கோட்டுப் பைக்குள் கையை விட்டு
இருபது இருபது தெத்ரியாக
என் ஈரப் பலகைமேல்
எண்ணி எண்ணி வைக்கத் தொடங்கினான்.