ரசீது வேண்டுமா

ஜாலான் ஈப்போவில் எங்கள் பெட்ரோல் நிலையம்
இரவு பன்னிரண்டுக்குக் கண்ணாடிக் கதவைப் பூட்டிக்கொள்ளும்.
அதற்குப் பிறகு எல்லா வியாபாரமும்
ஒரு சாண் ஓட்டை வழியாகத்தான்.
நோட்டு உள்ளே வரும். சில்லறை வெளியே போகும்.
முகம் முழுதாக வருவதில்லை,
மூணாம் நம்பர், அஞ்சு வெள்ளி என்று
வாய் மட்டும் குனியும்.

ரசீது வேண்டுமா என்று கேட்பேன்.
வேண்டாம் என்பார்கள்.
எந்திரம் அதற்குள் நாக்கை நீட்டியிருக்கும்.

அப்படித்தான் தொடங்கியது.
தெரிமா காசே என்ற வரிக்குக் கீழே
விரலளவு வெற்றுத் தாள்.
சும்மா நகத்தால் இழுத்தேன்.
சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.
மை இல்லை, கரி இல்லை.
கிள்ளிய தோல் போல
தாள் தானாகவே கன்றியிருந்தது.

பிறகு அந்தத் தாளுக்கு எதெல்லாம் வலிக்கும் என்று
பார்க்க ஆரம்பித்தேன்.
தே ஓ ஊற்றிய எவர்சில்வர் குவளையை வைத்தால்
கறுப்பாய் ஒரு வட்டம்.
சானிடைசர் ஒரு சொட்டு விட்டால் மழைமேகம்,
ஓரமெல்லாம் தன்னிஷ்டத்துக்குப் பரவும்,
அதை நான் வரைந்தேன் என்று சொல்ல முடியாது.
கல்லாவுக்கு மேலே சாமிக்கு ஏற்றிய ஊதுவத்தியால்
புள்ளி வைக்கப் போய் ஓட்டை விழுந்தது.
ஓட்டையைக் கண்ணாக வைத்துக்கொண்டு
சுற்றிலும் ஒரு பூனையைக் கட்டினேன்.

பென்சில் இல்லாமல் இல்லை.
செந்தூலில் வாங்கிய நான்கு-பி, இரண்டு வெள்ளி எண்பது காசு.
கூடவே கெட்டித் தாளில் ஒரு நோட்டு.
முதல் பக்கத்தில் ஒரு காதை
வரைந்து அழித்து வரைந்து அழித்து
தாள் பஞ்சு பஞ்சாக எழுந்துவிட்டது.
அழிக்கலாம் என்று தெரிந்தால்
என் கை பொய் சொல்கிறது.
நகத்துக்கு அந்த வசதி கிடையாது.
தப்பினால் தப்பியதுதான்,
அடுத்த கோடுதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தர்வேந்திரன் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறவன்.
மூன்று மணிக்கு வருவான். ஹெல்மெட்டைக் கழற்றமாட்டான்.
குழாயைப் பிடித்தபடியே கண் சொருகும்,
தலை ஒரு பக்கம் தொங்கிவிடும்.
ஐந்து வெள்ளிக்கு எண்ணெய் விழும் நேரம்
பதினைந்து நொடி.
மூக்கு எப்படி, வாய் எப்படி என்றெல்லாம் பார்க்க ஆகாது.
பாரம் எங்கே இறங்குகிறது,
அதை மட்டும் பிடிக்கலாம்.
முதுகுக்கு ஒரே இழுப்பு.
பெட்டிக்கு மூன்று.

ஒருநாள் நிரப்பிவிட்டு ஓட்டைக்கு வந்தான்.
"ரசீது குடுங்கக்கா, கம்பெனில கேக்குறாங்க."
என் கையில் இருந்தது அதுதான்.
கொடுத்தேன்.

இரண்டு மாதம் அதைப் பற்றி அவன் பேசவில்லை. நானும்.

பிறகு ஒரு வியாழன், மழை விட்டிருந்தது,
கைப்பேசி உறைக்குப் பின்னாலிருந்து
ஒரு வெள்ளைத் துண்டை உருவி நீட்டினான்.
"எல்லாம் போயிருச்சிக்கா.
காசும் போச்சி, நானும் போயிட்டேன்."
வெயிலோ, உறையின் பிளாஸ்டிக்கோ,
தேதி இல்லை, பம்பு எண் இல்லை, ஒன்றுமே இல்லை.

விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன்.
பென்சிலைப் படுக்கப் போட்டு
மெல்ல, அழுத்தாமல்,
தாள் முழுக்கத் தேய்த்தேன்.
கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாக
முதுகு வந்தது.
பெட்டி வந்தது, ஒரு மூலை உடைந்து.
தொங்கிய தலை வந்தது.
ஐந்து வெள்ளி திரும்பி வரவில்லை,
எந்திரம் தாளை அழுத்துவதே இல்லை.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் பார்த்தான்.
"காலைக் காணோமே?"
"அஞ்சு வெள்ளிக்குத்தானே போட்ட.
கால் வரைக்கும் வரல."

சிரித்தான் என்று நினைக்கிறேன், ஹெல்மெட் ஆடியது.
பத்து வெள்ளி நோட்டை உள்ளே தள்ளிவிட்டு
மூன்றாம் பம்புக்குப் போய்
கொஞ்சம் நிமிர்ந்தே நின்றான்.

என் நகத்தைப் பார்த்தேன்.
நேற்றுதான் வெட்டியிருந்தேன்.
பென்சில் கையிலேயே இருந்தது.
பம்பு ஓட ஆரம்பித்துவிட்டது.