மூன்றாவது வார்ப்பு

சைன்ஷாந்துக்குத் தெற்கே, கோபியில், ஜூலை.
நிழல் என்று சொல்ல
எங்கள் தள்ளுவண்டியின் அடிவயிறு மட்டும்.
மடியில் பதிவேடு. முதல் கட்டம்: தண்டவாள வெப்பநிலை.
ஐம்பத்தொன்று என்று எழுதினேன்.
இன்னும் ஒன்றையும் கொளுத்தவில்லை.

இரண்டு முனைகளுக்கு நடுவே
பெருவிரல் அகலத்தில் ஓர் இடைவெளி.
பெய்ஜிங்கிலிருந்து மாஸ்கோ போகிற வண்டிகூட
இந்த இடத்தில் ‘டக்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போகும்.
அந்த வார்த்தையை ஒழிக்க எங்களுக்குச் சம்பளம்.

மூசைக்குள் கொட்டும் பொடியை அள்ளிப் பார்த்தால்
துருவும் அலுமினியத் துகளும், அவ்வளவுதான்.
சாதுவாக இருக்கும்.
கிடங்கில் வருஷக்கணக்காய் ஒரே மூட்டையில்
ஒன்றையொன்று தொட்டபடி கிடக்கும், ஒன்றும் நேராமல்.
துருவிடம் இருக்கும் ஆக்ஸிஜன்மேல்
அலுமினியத்துக்கு அத்தனை ஆசை,
ஆனால் ஆசை மட்டும் போதாது,
முதலில் யாராவது கைக்காசு போடவேண்டும்.

ஓச்சிர்ஹுயாக் போடுகிறான்.
மத்தாப்பு மாதிரி ஒரு குச்சி;
பற்றவைத்து, பொடிக்குள் செருகி, மூடியைக் கவிழ்த்து,
ஓட்டம்.

பிறகு நடப்பதை நான் பார்த்ததே இல்லை.
பதினொரு வருஷமாய்ப் பார்ப்பது
கறுப்புக் கண்ணாடி பார்க்க அனுமதித்ததை:
ஒரு வெள்ளைப் புள்ளி, அது நடுங்குவது,
அடியில் திறப்பு உருகி வழிவிட
அச்சுக்குள் இரும்பு இறங்குவது.
எட்டு அடி தள்ளி நிற்கிறேன்,
காற்று அசையவில்லை,
ஆனாலும் கன்னத்தில் யாரோ கை வைத்த மாதிரி.

உடைவதால்தான் சூடு பிறக்கிறது என்பான் ஓச்சிர்ஹுயாக்.
விறகு, வெடி, அவன் கல்யாணம்,
எல்லாவற்றுக்கும் அதே விளக்கம்.
இல்லையப்பா. உடைக்கத்தான் செலவு.
இரும்பின் பிடியை நெகிழ்த்தக் கொடுத்தாகவேண்டும்.
அலுமினியம் அதைவிட இறுக்கிப் பிடிக்கையில்
கொடுத்ததற்கும் மேலே திரும்பி வருகிறது;
இந்த வெள்ளையும் உறுமலும்
இரும்பைத் தண்ணீராய் ஓடவைத்த இந்த மூர்க்கமும்
மீதிச் சில்லறை.

மூன்றாவது வார்ப்பில்,
அச்சை உடைக்கும்போது,
துலம்சுரெனின் சுத்தியல் வழுக்கியது.
கட்டைவிரல்.
அவள் சொன்ன வார்த்தையைப் பதிவேட்டில் எழுத முடியாது.

தண்ணீர்க் கேன் தேநீர்ச் சூட்டில் இருந்தது.
நூறு கிலோமீட்டருக்கு ஐஸ் கிடையாது.
முதலுதவிப் பெட்டியில் ஒரு பை:
வெள்ளைக் குருணை, அதற்குள் ஒரு தண்ணீர்ப் பொட்டலம்.
குத்தினேன். உள்ளே ஏதோ பட்டென்றது. குலுக்கினேன்.
என் உள்ளங்கை அதிர்ந்துபோய் விரிந்தது.

“இந்த வெயிலில் குளிர் எங்கிருந்து வந்தது?” என்றாள்,
பல்லைக் கடித்தபடி, விரலை அதில் புதைத்து.

எங்கிருந்தும் வரவில்லை.
உப்புக்குக் கரையவேண்டும்,
கரையக் கடன் வேண்டும்,
பக்கத்தில் இருந்தது உன் விரல்.

“என்னைக் கேட்டதா?” என்றாள்.

ஆறு எட்டு தள்ளி
வார்ப்பு தன்னிடம் உள்ளதையெல்லாம்
தண்டவாளத்துக்கும் ஜல்லிக்கும் ஆகாயத்துக்கும்
கணக்கில்லாமல் இறைத்துக்கொண்டிருந்தது.
இங்கே ஒரு பிடி உப்பு
ஒரு பெண்ணின் கட்டைவிரலில் கறந்துகொண்டிருந்தது.
நடுவே நாங்கள், தொப்பிக்குள் வேர்த்து.
இருபது நிமிஷம் போனால் பை வெதுவெதுத்துவிடும்.
ராத்திரிக்குள் வார்ப்பும் வழிக்கு வந்துவிடும்.
கோபி யாருக்கும் தனிச் சலுகை தராது.

வளர்ந்த இரும்பை வெட்டி, சாணை பிடித்து, ஆறவிட்டு
ஆறே முக்காலுக்கு நிலக்கரி வண்டியை விட்டோம்,
நடை வேகத்தில்.
முதல் வார்ப்பில் சத்தமில்லை.
இரண்டாவதிலும்.
மூன்றாவதன்மேல் சக்கரம் ஏறும்போது
துலம்சுரென் கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தாள்,
பேசாதே என்பதுபோல.

ஒன்றுமில்லை.
ஐம்பத்திரண்டு பெட்டி, ஒன்றுமில்லை.

தண்டவாள வெப்பநிலை, முடிவில்: நாற்பத்தாறு.
விரலுக்குக் கட்டமில்லை.
குறிப்புகள் என்ற இடத்தில் எழுதினேன்:
குளிர்ப்பை ஒன்று செலவு.
இரண்டாக அனுப்பவும்.