பல்பு மாற்றுகிறவன்

கீஸாவின் பெரிய பிரமிடுக்குள்
எது எப்போது கண் சிமிட்டும் என்று
எனக்குத்தான் தெரியும்.
நாற்பத்தோரு பல்புகள், இரண்டு மின்விசிறிகள்,
வெளவால் கடித்த ஒரு ஒயர்.

லைப்சிக்கிலிருந்து ஹார்ட்விக் வருவது
இது ஐந்தாம் முறை.
இரண்டு மணி நேரத் தனி அனுமதிக்கு
என் ஒன்பது மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு,
குனிந்து, மூச்சு வாங்கி, மேலேறி,
மூடியில்லாத கிரானைட் பெட்டிக்குள்
செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

இது கல்லறை இல்லை, சத்தார்.
ஒரு பிணமாவது கிடைத்ததா இங்கே?
இது மின்நிலையம்.
கீழே நீர், மேலே கிரானைட், நடுவே அதிர்வு.
இசைக்கவையைத் தட்டுகிறார்.
அறை முனகுகிறது.
உண்மைதான், முனகுகிறது.
நான் தும்மினாலும் முனகும்.

தலையாட்டுகிறேன்.
ஏணிமேல் நிற்கிறவன்
எதற்கும் தலையாட்டலாம்.

கல்லெறி தூரத்தில்
நஸ்லத் அல்-சம்மானில் என் வீடு.
அந்தக் கோடையில் தினமும் இரண்டு மணி நேரம்
கரண்ட் இருக்காது.
நாலாயிரத்து ஐந்நூறு வருட மின்நிலையத்தைப் பார்த்தபடி
மெழுகுவர்த்தியில்
வகுத்தல் கணக்குப் போட்டாள் என் மகள்.
மீதி வந்தது.

அவருக்கு முன்பு வேறு பலர் வந்தார்கள்.
நட்சத்திரத்திலிருந்து இறங்கியவர்கள் கட்டினார்கள் என்றார் ஒருவர்.
கடல்கொண்ட தேசத்தார்
கல்லைப் பாடியே மிதக்கவிட்டார்கள் என்றார்
வெள்ளிக் காப்பு அணிந்த அம்மையார்.
தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டவர்கள்
ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்:
மனிதக் கையால் ஆகாது.

தெற்கே, சுவருக்கு அப்பால்,
கல் இழுத்தவர்களின் குழிகளைத் திறந்தபோது
நானும் கூடை சுமந்தேன்.
முறிந்து கூடிய ஒரு முன்கை எலும்பு.
யாரோ கட்டை வைத்துக் கட்டி,
யாரோ ரொட்டியைப் பிய்த்து ஊட்டி,
கூடும்வரை காத்திருக்கிறார்கள்.
நட்சத்திரத்துக்காரனுக்கு
முழங்கை வலித்திருக்குமா?

ரகப் என் தம்பி.
பாலைவனத்தில் எழும் புது நகரத்தில்
முப்பத்தோராம் மாடிக்குப் பளிங்கு ஏற்றினான்.
விழுந்தான்.
அந்தக் கோபுரத்தை யார் கட்டியது என்று
யாரும் தலையை உடைத்துக்கொள்ளப் போவதில்லை.
கம்பெனியின் பெயர்
உச்சியில் நீலமாய் எரிகிறது.

இடுப்புப் பட்டை கொடுக்கப்பட்டது, அவர் அணியவில்லை.
சாட்சி: அப்துல் சத்தார், அண்ணன்.
அந்தக் கையெழுத்துக்கு வந்த பணத்தில்
அவன் மனைவிக்குக் கூரையும் தையல் மிஷினும்.
பட்டை கொடுக்கப்படவில்லை.

தராசு, இறகு, இதயம்,
அதுவும் ஓர் எந்திரத்தின் வரைபடம்தான்
என்கிறார் பெட்டிக்குள் கிடப்பவர்.
மூளையை உருவி எறிந்தவர்கள்
இதயத்தை ஏன் விட்டுவைத்தார்கள்?
அது மின்தேக்கி, சத்தார்.

மியூசியத்தில் பார்த்திருக்கிறேன்,
பிணத்தின் நெஞ்சில் வைக்கும் பச்சைக்கல் வண்டை.
எடை போடும் இடத்தில்
வாயைத் திறந்துவிடாதே என்று
சொந்த இதயத்திடம்
அதன் வயிற்றில் எழுதிக் கெஞ்சியிருக்கிறார்கள்.
எந்திரத்திடம் யார் கெஞ்சுவார்?

எங்களுக்கு வண்டும் இல்லை.
அந்த நாளில் வாய்க்குப் பூட்டு,
கைகள் பேசும்.

அப்போது கரண்ட் போனது.
இங்கே போகக் கூடாது. போனது.
ஆரவாரம் செய்வார் என்று நினைத்தேன்,
பார்த்தாயா, இழுத்துக்கொண்டது என்று.
வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு
யூட்டா, என்றார்.
இன்னொரு முறை, தாழ்வாக, யூட்டா.

கல் அந்தப் பெயரை வாங்கி
சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டது.

டார்ச் என் இடுப்பில்தான் இருந்தது.
வலது கை
அதைத் தேடவில்லை.