சுவர் எதனால் ஆனது

வீட்டுப் பட்டியல் எடுக்க
களிமண்குண்டுக்கு என்னைப் போட்டிருந்தார்கள்.
ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான்.
கழுத்தில் அட்டை, பையில் சாக்கட்டி,
யார் வீட்டு நிலையிலும் எண் எழுதும் அதிகாரம்
முப்பது நாளைக்கு.

கடலைப் பார்த்த கடைசி வரிசையில் நம்புவள்ளி வீடு.
பாசிக்குப் போய் அப்போதுதான் கரையேறியிருந்தாள்.
கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது.
காலில் கட்டி நீந்தும் தகரத்தட்டு இரண்டும்
வாசலில் செருப்பு மாதிரிக் கிடந்தன.

சுவர் எதனால் ஆனது?
கல்லு.
என்ன கல்லு?
பாருக் கல்லு டீச்சர். எங்க மாமனாரு காலத்துல
தோணி தோணியா அள்ளியாந்தது.

காரை உதிர்ந்த இடத்தில் குனிந்து பார்த்தேன்.
தேனடை போல, அறை அறையாக.
சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன அறை;
ஒவ்வொன்றிலும் ஓர் உயிர்
வாய் திறந்து, வாய் மூடி
வழக்கமாக வசித்திருக்கும்.
படிவத்தில் அதற்குக் குறியீடு இருந்தது:
சாந்து வைத்துக் கட்டிய கல்.
எழுதினேன்.

வீட்டில் எத்தனை பேர்?
ஏழு.
பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, எட்டு.
எட்டாவது ஆள் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியிலிருந்து
முந்தாநாள்தான் வந்திருந்தான், இன்னும் பெயரில்லாமல்.
அறைகள் இரண்டு.
மூன்றாவதற்கு மணல் வந்து இறங்கிவிட்டது.

கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்
மக்கள்தொகைப் பெருக்கம்:
காரணங்கள் நான்கு, விளைவுகள் ஆறு,
ஐந்து மதிப்பெண்.
ஆறாவது விளைவை யாரும் எழுதுவதில்லை,
மணி அடித்துவிடும்.

எதிரே மூன்று தீவு தெரிந்தது.
பூவரசன்பட்டித் தீவு எங்கே என்று கேட்டேன்.
தண்ணிக்கு மேல இல்ல, என்றாள்.
அதச் சுத்தியிருந்த கல்லத்தான
ஊரு ஊரா சுவராக்கி நிறுத்திட்டோம்.
சொன்ன குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.
பூட்டிய வீட்டுக்கு ஒரு குறியீடு உண்டு.
காலி வீட்டுக்கு ஒன்று உண்டு.
குடியிருந்தவர்களோடு மூழ்கிய வீட்டுக்கு
அச்சடித்தவர்கள் இடம் விடவில்லை.

போன மாசம் ஃபாரஸ்ட்டுக்காரவுக
ஆவுளியாவ எண்ண வந்தாக டீச்சர்.
நாலு நாளு போட்டுல சுத்துனாக.
எத்தனை இருந்தது?
ஒண்ணும் மேல வரல.
ஆளில்லாத வீட்டுக்கு நீங்க
மறுபடி வருவீகளாமே, அது மாதிரி
அவுகளும் வருவோம்னு போயிருக்காக.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
எங்கள எண்ணுறீக, சரி.
எங்க நண்டு கம்பெனிக்குப் போகுது,
ஐஸ் பெட்டியில கப்பலேறுது.
பாசி மருத வழியா எங்கெங்கயோ போகுது.
தின்னுறவுகள
எந்த வீட்டுல எழுதுவீக?

காலையில் நான் பல் தேய்த்த பசையில்
இவள் பறித்த பாசி இருந்திருக்கலாம்.
லோன் போட்டு நான் கட்டிய வீட்டுக்கு அடியில்
ஓர் ஊருணியின் வரத்துக்கால் கிடக்கிறது.
கடக்கால் தோண்டிய அன்று
நீர்க்கோழி ஒன்று வந்து
சுற்றிச் சுற்றி நடந்தது.
என் வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளர்
டிவி உண்டா, கார் உண்டா, இன்டர்நெட் உண்டா என்றார்.
எல்லாவற்றுக்கும் ஆம் சொன்னேன்.
நீர்க்கோழியைப் பற்றி அவர் கேட்கவில்லை;
நானும் சொல்லவில்லை.

ஐப்பசி பொறந்தா இந்தச் சுவரு வேர்க்கும், என்றாள்.
எத்தன தரம் வெள்ள அடிச்சாலும் உப்புப் பூத்துரும்.
கை வைத்துப் பார்த்தேன்.
ஐப்பசிக்கு இன்னும் நாள் இருந்தது,
ஆனாலும் விரல் கரித்தது.

கடைசிக் கேள்வி. குடிதண்ணீர் எங்கிருந்து?
வண்டியில வருது. கொடம் பத்து ரூவா.

நிலைக்கட்டையில் எண் எழுதினேன்.
பேனாவை மூடும்போது
வெயில்ல வந்திருக்கீகளே என்று
செம்பு நிறைய மொண்டு தந்தாள்.
எட்டுப் பேர் தண்ணீர்.
ஒன்பதாவது ஆளாக
நின்றபடியே
அத்தனையும் குடித்தேன்.