பதினேழு வயதுக்கு மேற்பட்ட வேறெவரும்

ஒன்று தசம் எட்டு வீதம்
ஓகஸ்ட் முப்பத்தொன்றோடு முடிகிறது.
மறுநாளிலிருந்து ஐந்தரை.
வேறொரு வங்கி ஐந்துக்குத் தருமாம்.
பருப்பு வாங்கிய பற்றுச்சீட்டின் பின்புறத்தில்
இவர் விடியும்வரை கணக்குப் போட்டார்.
லண்டனின் தெற்கில் நாங்கள் இருக்கும் ஊரின் பெயர் மிச்சம்.
கடன் கட்டினால் எதுவும் மிச்சமில்லை என்பது
கடைக்காரர் எல்லாரிடமும் சொல்லும் பகிடி.

புதிய வங்கியின் படிவம் வந்தது.
பதினான்காவது கேள்வி:
பதினேழு வயதுக்கு மேற்பட்ட வேறெவரும்
இவ்வீட்டில் வசிக்கின்றனரா?

இல்லை என்று கோடு கீறியிருக்கலாம்.
பேனை பெட்டிக்கு மேலே நின்றது.
பேனைக்கு மேலே, பொக்ஸ் றூமில்,
தவநேசன் இருமினான்.

இரண்டு கிழமைக்கென்று வந்தவன்.
ஆறு வருசம்.
கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும் அறை.
உள்துறை அமைச்சு இன்னும் யோசிக்கிறது.

சட்டத்தரணி ஹார்க்ரீவ்ஸ் தொலைபேசியில் கேட்டா:
வாடகை தருகிறாரா?
இல்லை.
வீட்டுச் செலவுக்கு ஏதாவது?
வெள்ளிக்கிழமைகளில் மீன் வாங்கி வருவான்.
மறுமுனையில் தட்டச்சு நின்றது.
எவ்வளவு மீன்?

கட்டடத்துக்குச் செலவழித்தாரா?
குளியலறைக்கு ஓடு பதித்தான்,
நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில்.
சீமெந்து அவன் காசு.
ஓட்டில் நீலப் பூ; எனக்குப் பிடிக்கவில்லை.
அதை அவ எழுதவில்லை.
மற்றதை எழுதினா.

ஒருவர் ஒரு வீட்டில் நெடுநாள் இருந்தால்,
காசோ கையோ போட்டிருந்தால்,
எந்த உறுதியிலும் பதியாத உரித்தொன்று
அவருக்கு முளைத்திருக்கக்கூடும்.
கடனை நீங்கள் கட்டாமல் விட்டால்
வீட்டை விற்க வரும் வங்கியை அது மறிக்கலாம்.
வங்கி அதற்குத்தான் பயப்படுகிறது.

வங்கிக்குத் தவநேசனைப் பயம்.
இதை அவனிடம் எப்படிச் சொல்வது?

அவன் கையொப்பமிட வேண்டும். அதற்கு முன்
அவனுக்கென்று வேறொரு சட்டத்தரணி வேண்டும்.
நூற்றைம்பது பவுண், வரி வேறு. நாங்கள் கட்டினோம்.
டூட்டிங்கில், பந்தயக் கடைக்கு மேல்மாடி.
நீங்கள் உள்ளே வரக்கூடாது என்றார்கள்,
உங்களைப் பற்றியும் அவர் பேச வேண்டியிருக்கலாம்.

படிக்கட்டில் நாற்பது நிமிடம் இருந்தேன்.
இரவு பத்து மணிக்கு ஹீற்றரை நிறுத்துவதைச் சொல்வானோ?
தங்கச்சி குடும்பம் வந்த நத்தாருக்கு
அவனைக் குசினியில் படுக்கவிட்டதை?
ஃபிரிஜ்ஜின் கடைசித் தட்டை?
கீழே யாரோ குதிரையில் தோற்றுக் கத்தினான்.

வெளியே வந்தவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான்.
கட்டியிருந்ததை அவிழ்த்து, திரும்பக் கட்டினான்.
'அக்கா, அந்த மனுசி மூண்டு தரம் கேட்டவ,
ஆரும் உங்களை நெருக்கினதோ எண்டு.
ஒருத்தரும் என்னட்ட இப்பிடிக் கேட்டதில்லை.'

பஸ்ஸின் மேல்தட்டில்
சிக்னல் மூன்று தாண்டிய பிறகு:
'எனக்கு ஏதோ உரித்து இருந்ததாம்.
இப்ப எழுதிக் குடுத்திட்டன்.
எவ்வளவு இருந்திருக்கும்?'
தெரியாது என்றேன்.
'ஓடு பதிச்ச அளவுக்கெண்டாலும்?'
இருக்கும் என்றேன்.
கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சிரித்தான்.

சாட்சிக் கையொப்பம் பக்கத்து வீட்டு டோஹர்ட்டி:
தொழில், இளைப்பாறிய தபால்காரர்.
ஆறு வருசமாய்த் தெரியும் என்றார்,
இந்தப் பெயருக்குத்தான் கடிதமே வருவதில்லை.

தவநேசன் ஒரு பிரதி கேட்டான்.
அவன் முழுப்பெயரும் எங்கள் வீட்டு இலக்கமும்
ஒரே தாளில்,
'மறுக்கப்படுகிறது' என்ற சொல் எங்கும் இல்லாமல்.
பிளாஸ்டிக் உறையில் இட்டு
மற்றக் கடிதங்களுக்கு மேலே வைத்தான்.

கடன் மாறியது. ஐந்து வீதம், இரண்டு வருசத்துக்கு.

வெள்ளிக்கிழமை
நனைந்த பையோடு வாசலில் நிற்கிறான்.
பாரை, இரண்டு.
கை நீட்டுமுன் ஒரு கணம் நின்றேன்.
அவனும் நின்றான்.
'எவ்வளவு மீன்?' என்றான்,
ஹார்க்ரீவ்ஸ் மாதிரியே.